மேயரின் கடைசி வார்த்தை

உயிரோடு இருந்திருந்தால் ஆர்லன் ஹூடாக் அந்தத் தேர்தலில் தோற்றிருப்பான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது ஹார்க்கர் ஊரில் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் வெர்னாவுக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான், யார் இல்லை என்றது? ஆனால் மெயின் தெருவில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவள் நான். அந்தக் கடைக்குள் உட்கார்ந்து அந்த மேயரைத் திட்டாதவள் ஒருத்தியைக் காட்டுங்கள், நான் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போகிறேன்.

டோத் கிழவி வீட்டு நிலவறையில் மழை பெய்தால் சாக்கடை ஏறும். பதினான்கு வருடம் மேயராக இருந்தவன் அதை ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கவில்லை. அவனைக் குப்புறப் பிடித்து அந்தத் தண்ணீரில் முக்க வேண்டும் என்று அவள் வாராவாரம் சொல்வாள். அதே டோத் கிழவி வீட்டுக் கூடத்தில் இன்று அவன் படம் தொங்குகிறது. பக்கத்தில் மெழுகுவத்தி வேறு. சாக்கடை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

ஊரில் எல்லோருக்கும் அவன்மேல் ஒரு கோபம் உண்டு. என் அக்கா லொரேனுக்கு இருந்த கோபம் ஆம்புலன்ஸ்.

எங்கள் ஊருக்கென்று சொந்தமாக ஒரு ஆம்புலன்ஸ் இருந்தது. தீயணைப்பு நிலையத்தை ஒட்டின ஷெட்டில் நிற்கும். சம்பளம் கிடையாது, ஊர்க்காரர்களே முறை வைத்து ஓட்டினார்கள். பகலில் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு, இரவில் பாதி ஊரைத் தூக்கிக்கொண்டு ஓடினவள் லொரேன். இரண்டு குழந்தைகள் அந்த வண்டியிலேயே அவள் கையில் பிறந்தன. திடீரென்று ஒரு கவுன்சில் கூட்டத்தில், செலவு கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி ஆர்லன் வண்டியை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஊருக்கு விற்றுவிட்டான். இனி மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு கம்பெனி வண்டி வரும் என்றான். வரும்தான். மலை இறங்கி, பாலம் தாண்டி, வழி கேட்டு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும்.

அந்த வருடக் குளிர்காலத்தில், லொரேனோடு வேலை பார்த்த இர்மா பள்ளிச் சமையலறைத் தரையில் சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்கட்டு. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். வண்டி வந்தது. பாலத்தின் நடுவில் போகும்போது இர்மாவின் மூச்சு நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து வந்த அன்றே, மேயர் தேர்தலில் நிற்கப் போவதாக அக்கா சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் காது சிவந்துவிடுகிறவள் அவள். ஆனால் நின்றாள். ஒரே ஒரு வாக்குறுதிதான்: வண்டி திரும்பி வரும். அந்த ஒன்றே போதுமாக இருந்தது. இலையுதிர் காலம் வந்தபோது ஊரில் பாதி வீட்டுப் புல்வெளியில் அவளுக்கு ஆதரவாக அவள் பெயர்ப் பலகை நின்றது. கவுன்சில் தலைவர் கார்டன் ஸ்பைவி, நாற்காலி மேசைக் கடைக்காரர், ஆர்லனுக்கு வலது கை, அவருடைய மனைவியே என் கடையில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தி, தன் ஓட்டு லொரேனுக்குத்தான் என்றாள்.

எங்கள் ஊரில் தேர்தலுக்கு முன்னால் தீயணைப்பு நிலைய ஹாலில் ஒரு விருந்து நடக்கும். மேடைப் பேச்சு கிடையாது. போட்டியிடுகிறவர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஊருக்கே பரிமாற வேண்டும். எங்கள் தாத்தாக்கள் ஸ்லோவாக்கியாவிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த காலத்திலிருந்து அப்படித்தான். எவன் கை தாராளம், எவன் கை கஞ்சம் என்று பார்த்துத்தான் அந்தக் காலத்தில் ஓட்டே போட்டார்களாம்.

அன்று மாலை ஆர்லன் முட்டைக்கோஸ் சுருளைத் தட்டில் வைத்தான். இலைக்குள் சோறும் இறைச்சியும் வைத்துச் சுருட்டி, தக்காளிச் சாற்றில் வேகவைத்தது. அவனுக்குப் பக்கத்தில் லொரேன், மசித்த உருளைக்கிழங்கோடு.

"தாராளமா போடு லொரேன்," என்றான் ஆர்லன், வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி. "ஓட்டுதான் உனக்கு விழப்போறதில்ல. வந்தவங்க வயிறாவது ரொம்பட்டும்."

"நீங்க சுருளை எண்ணி எண்ணி வைக்கறதப் பாத்தாலே தெரியுது, ஊர எப்படி நடத்துறீங்கன்னு," என்றாள் என் அக்கா. வரிசை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். ஊரைக் கெடுத்தான், ஆனால் கேலியைத் தாங்குவான், அதை நான் மறுக்கவில்லை.

பரிமாறி முடித்துவிட்டு அவன் சிகரெட் பிடிக்க வெளியே போனான். கார் நிறுத்துமிடத்தில் டேல் ப்ரிட்சர்ட் காத்துக்கொண்டு நின்றான்.

டேல் யார் என்றால், ஆர்லனிடம் ஒரு வேட்டை நாய் வாங்கி ஏமாந்தவன். ரக்கூன் வேட்டைக்கு இதைவிட நல்ல நாய் இந்த மலைப்பக்கத்திலேயே இல்லை என்று ஆர்லன் சத்தியம் பண்ணி விற்றிருந்தான். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அந்த நாய் லாரிக்கு அடியில் போய்ப் பதுங்கும். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி டேல் கோடை முழுக்க நடையாய் நடந்தான். ஆர்லன் அவனைப் பார்பர் கடை, தபால் நிலையம் என்று போகிற இடமெல்லாம் கிண்டல் பண்ணினான். நாய் வளர்க்கத் தெரியாதவன் என்று எங்கள் ஊர் ஆம்பளையைச் சொல்வதும், நாலு பேர் முன்னால் முகத்தில் துப்புவதும் ஒன்றுதான். அன்று டேல் குடித்துவிட்டு வந்திருந்தான். இரண்டு தடவை சுட்டான். பிறகு துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, தன் லாரியின் பம்பரில் உட்கார்ந்து அழுதான்.

அவ்வளவுதான் சங்கதி. நாய். இதைத் தவிர வேறு ஒரு காரணமும் இல்லை, டேலே நீதிமன்றத்தில் சொன்னான்.

உள்ளே இருந்தவர்கள் மேசைக்கு அடியில் புகுந்தார்கள், சமையலறைக்குள் ஓடினார்கள். லொரேன் வெளியே ஓடினாள். அவள் ஓடினால் நான் நிற்க முடியுமா, கிடைத்த பாத்திரத் துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஆர்லன் மல்லாந்து கிடந்தான். வயிற்றில் பட்டிருந்தது. அக்கா முட்டி போட்டு, துணியை மடித்து, உடம்பு பாரத்தையெல்லாம் கையில் இறக்கி அழுத்தினாள். யாரோ உள்ளேயிருந்து போன் பண்ணிவிட்டதாகக் கத்தினார்கள், ஆனால் துப்பாக்கிக்குப் பயந்து கம்பெனி வண்டி வரும்வரை ஒருவரும் வெளியே வரவில்லை.

நாங்கள் முட்டி போட்டிருந்த இடத்துக்கு எதிரிலேயே அந்த ஷெட். கதவு திறந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் நின்ற இடத்தில் கிறிஸ்துமஸ் ஊர்வல வண்டிக்கான காகித நட்சத்திரங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆர்லன் தலையைத் திருப்பி அதைப் பார்த்தான். அவனுக்கு வலியில் எல்லாம் குழம்பிவிட்டது போல.

"வண்டி எங்க?" என்றான். "லொரேன், நம்ம வண்டி எங்க?"

"வருது ஆர்லன். பேசாம படுங்க."

"இங்கதானே நிக்கும். எடுக்கச் சொல்லு. நம்ம வண்டிய எடுக்கச் சொல்லேன்."

அவன் வேறு எதுவும் பேசவில்லை. ஊரைப் பற்றிப் பேசவில்லை, மனைவியைக் கூப்பிடவில்லை, கடவுளைக்கூடக் கூப்பிடவில்லை. அதே கேள்விதான், சின்னப் பிள்ளை கேட்பது போல, திரும்பத் திரும்ப. கம்பெனி வண்டி வருவதற்குள் கேள்வி நின்றுவிட்டது. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். என்னிடமும் அக்காவிடமும் நேராகச் சொன்னார். அக்கா அப்போதும் கையைக் கழுவியிருக்கவில்லை.

ஆக, டேல் சுட்டான், சரி. ஆனால் ஆர்லனைக் கொன்றது ஆர்லன் விற்ற வண்டி. இதைவிடத் தெளிவாக ஒரு கணக்கை ஆண்டவன் எழுதிக் காட்ட முடியாது. ஊருக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை.

ஆர்லனின் மனைவி பெக் அன்று ஊரில் இல்லை, மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் காலையில் வந்து சேர்ந்தாள். சாவு விழுந்த வீட்டுக்கு எங்கள் ஊரில் யாரும் வெறுங்கையோடு போகமாட்டோம். லொரேன் நூடுல்ஸும் சீஸும் போட்டுச் சுட்ட ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். அடுப்படியில் பெக் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று கேட்டாளாம்.

அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அக்காவுக்கு மனசு வரவில்லை. நேற்றுவரை எதிரியாக இருந்தவனின் மனைவி, தூங்காத கண்ணோடு நிற்கிறாள். 'எல்லாரையும் பாத்துக்கோங்க' என்று சொன்னார் என்று சொல்லிவிட்டாள். பெக் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். ஒரு பாத்திரம் சாப்பாட்டோடு கொடுத்துவிட்டு வந்த ஆறுதல், அவ்வளவுதான் அது.

அடக்கத்தன்று ஸ்பைவி பேசினார். ஆர்லன் இந்த ஊருக்காக உயிரைக் கொடுத்தார் என்றார். சவப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, ரத்தம் போய்க்கொண்டிருந்த வேளையிலும் அந்த மாமனிதர் சொன்னது இதுதான் என்று சொல்லி, கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரையும் பாத்துக்கோங்க" என்றார். சர்ச் முழுக்க விம்மியது. எனக்குப் பக்கத்தில் அக்காவின் முகம் வெளுத்துப் போயிற்று. இரண்டே நாளில் அந்த வாசகம் புல்வெளிப் பலகையாகிவிட்டது. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து, மேலே ஆர்லனின் சிரித்த முகம். பலகைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் மனிதர் அடக்கத்துக்கே வந்திருப்பார்.

நாய்க்காகச் செத்தான் என்று சொல்ல ஊருக்கு வாய் வரவில்லை. ஒரு மேயர், பதினான்கு வருடம் கை குலுக்கினவன், போயும் போயும் ஒரு பயந்தாங்கொள்ளி நாய்க்காகச் செத்தான் என்றால் கேட்கிறவன் சிரிப்பானே. அதனால் காரணம் தேடினார்கள். டேல் வீட்டுப் புல்வெளியில் லொரேன் பெயர்ப் பலகை இருந்தது என்று யாரோ சொன்னார்கள். இருந்தது, ஆர்லனைப் பிடிக்காதவன் வேறு யார் பலகையை வைப்பான்? அது போதுமானதாகிவிட்டது. என் கடையிலேயே என் முதுகுக்குப் பின்னால், லொரேன் அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்கக் கூடாது என்றும், அந்தப் பேச்சுதான் டேல் மண்டையில் ஏறியிருக்கும் என்றும் பேசினார்கள். இன்னொருத்தி ஒரு படி மேலே போனாள். முக்கால் மணி நேரம் அழுத்தினாளாமே, சரியாகத்தான் அழுத்தினாளா என்றாள். தலையில் சாயம் பூசின பாதியில் அவளை எழுப்பி வெளியே அனுப்பினேன். இரண்டு வாரம் பாதி நரையோடு திரிந்தாள்.

வெள்ளம் வந்த வருடம் ஆர்லன் படகில் ஏறி ஊரைக் காப்பாற்றினான் என்று ஒரு புதுக் கதை முளைத்தது. அந்த வெள்ளத்தில் முதல் படகில் ஏறி மேட்டுக்குப் போனவனே அவன்தான். நாங்கள் எல்லோரும் கூரையில் நின்று பார்த்தோம். என்னோடு அதே கூரையில் நின்ற டோத் கிழவி இப்போது என் கண்ணைப் பார்த்தே அந்தக் கதையைச் சொன்னாள்.

ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டது. எங்கள் மாநிலத்தில் அச்சான பிறகு வேட்பாளர் செத்தாலும் பெயரை எடுக்க முடியாது. செத்தவனுக்கு விழும் ஓட்டும் ஓட்டுதான். அவன் ஜெயித்தால் காலி இடத்துக்குக் கவுன்சில் யாரை வேண்டுமானாலும் உட்காரவைக்கலாம். இது ஸ்பைவிக்கு நன்றாகத் தெரியும். வீடு வீடாகப் போய், ஆர்லனுக்கு நாம் செய்யக்கூடிய கடைசி மரியாதை இந்த ஓட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அக்காவோடு சண்டை போட்டேன். பள்ளிச் சமையலறையின் பின்வாசலில், அவள் தட்டு கழுவி முடித்து வந்த மதியத்தில்.

"உண்மையச் சொல்லிடுக்கா," என்றேன். "அந்தாளு கடைசியா என்ன கேட்டான்னு ஊருக்குச் சொல்லு. வண்டி எங்கன்னுதான் கேட்டான். இதுக்கு மேல ஒரு பிரசாரம் வேணுமா உனக்கு?"

"பெக்கிட்ட ஒண்ணு சொல்லிட்டேன் வெர்னா."

"ஆறுதலுக்குச் சொன்ன. அத ஊரு பூரா பலகையில எழுதி உனக்கெதிரா நட்டு வச்சிருக்கானுங்க."

"அவ புருஷனப் பொதச்ச மண்ணுகூடக் காயல. நான் போயி, உன் புருஷன் பயந்து செத்தான், நான் பொய் சொன்னேன்னு மேடையில சொல்லவா? அதுக்கு ஓட்டுக் கேக்கவா?" அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் எப்போதோ போயிருந்தும். "ஜனங்க கண்ணு தெறக்கும்டி. இர்மாவ மறந்துடுவாங்களா?"

மறந்துவிட்டார்கள். செத்தவன் ஜெயித்தான், அதுவும் உயிரோடிருந்தபோது ஒரு தேர்தலிலும் வாங்காத அளவுக்கு வாங்கி ஜெயித்தான். சர்ச் மணியை அடித்தார்கள். தெருவில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள், ஏதோ பெரிய வீரம் பண்ணிவிட்டது போல. ஸ்பைவி மனைவி அடுத்த வாரம் என் கடைக்கு வந்தபோது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்பைவி மேயர் ஆனார்.

புது வருடத்தில் முதல் கவுன்சில் கூட்டத்தில் லொரேன் எழுந்து, ஆம்புலன்ஸைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டாள். தேர்தல் முடிந்தது, வண்டி யார் கொண்டுவந்தால் என்ன, அந்தப் பெயரை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவ்வளவு இறங்கிப் போனாள். ஸ்பைவி ரொம்ப அன்பாகப் பதில் சொன்னார். கம்பெனி வண்டிக்கு மாறினது ஆர்லன் யோசித்து எடுத்த முடிவு, அவர் விட்டுப்போனது, அவர் ரத்தம் காய்வதற்குள் அதை மாற்றினால் அவரை இரண்டாம் முறை கொல்வதாகும் என்றார். கவுன்சிலில் ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. அவன் இருக்கும்போது அந்த முடிவை முட்டாள்தனம் என்று எதிர்த்து ஓட்டுப் போட்ட இரண்டு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அது முடிவு இல்லை, வேதம். ஒரு தோட்டா போதும் போலிருக்கிறது, அவன் செய்த ஒவ்வொரு கோணல் வேலையும் தொடக்கூடாத பொருளாகிவிடுவதற்கு. டேல் மட்டும் அன்று வீட்டிலேயே குடித்துவிட்டுத் தூங்கியிருந்தால், இந்நேரம் ஆர்லன் தோற்றுப்போன மேயராகப் பார்பர் கடை பெஞ்சில் உட்கார்ந்து நாய்க் கதை பேசிக்கொண்டிருப்பான், எங்களுக்கு ஒரு வண்டி இருந்திருக்கும்.

அதோடு விட்டார்களா? வசந்தத்தில் அந்த ஷெட்டின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, அதில் ஒரு பளிங்குக் கல் பதிக்கப் போவதாக அறிவித்தார்கள். ஹாலுக்கு ஆர்லன் பெயர். கல்லில் அவன் கடைசி வார்த்தை. வாசலை அடைத்துவிட்டால் இனி எந்தக் காலத்திலும் அங்கே வண்டி நிற்க முடியாது. திறப்பு விழாவில் பேச லொரேனையே கூப்பிட்டார்கள். கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் இருந்தவள் அல்லவா, அந்த வார்த்தையை உன் வாயால் கேட்டால் ஜனங்களுக்கு நிறைவாக இருக்கும் என்றார் ஸ்பைவி. அந்த ஆளை ஏதாவது செய்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அக்கா வருகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில் கூடினார்கள். பள்ளிப் பிள்ளைகள் பேண்டு வாசித்தார்கள். பளிங்குக் கல் தயாராகச் சாய்த்து வைத்திருந்தது. செங்கல் ஒரு பக்கம் அடுக்கியிருந்தது. பெக் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். லொரேன் மைக்கைப் பிடித்தபோது அவள் காது சிவந்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"ஆர்லன் இங்கதான் கெடந்தாரு," என்றாள். "இந்த ஷெட்டப் பாத்துக்கிட்டே கெடந்தாரு. கடைசியா அவர் சொன்னது இந்தக் கல்லுல இருக்கறது இல்ல. நம்ம வண்டி எங்கன்னு கேட்டாரு. எடுக்கச் சொல்லுன்னாரு. வண்டி இங்க நின்னிருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாரு, டாக்டரே சொன்னாரு. இர்மாவும் இருந்திருப்பா. இந்த வாசல அடைக்காதீங்க."

பேண்டுப் பிள்ளைகள்கூட அசையவில்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், ஊர் அந்தக் காலி ஷெட்டைத் திரும்பிப் பார்த்தது. நான் பார்த்தேன். சிலருடைய முகத்தில் அது இறங்கியது. டோத் கிழவி வாயில் கையை வைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால் யாராவது ஒருவன் ஆமாம் என்றிருப்பான்.

பெக் எழுந்தாள். ஸ்பைவி ஓடிப் போய் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்.

"எல்லாரையும் பாத்துக்கோங்கன்னு அவர் சொன்னார்னு, எங்க வீட்டு அடுப்படியில நின்னு, என் கையப் பிடிச்சுக்கிட்டு நீதான் சொன்ன லொரேன்," என்றாள் பெக். "அன்னைக்குச் சொன்னது பொய்யா? இல்ல இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னதுதான் பொய்," என்றாள் அக்கா. "உங்க முகத்தப் பாத்து எனக்கு வேற சொல்ல வரல பெக்."

"தேர்தல்ல தோத்ததுக்கு அப்புறம் வருதாக்கும்."

முடிந்தது. அந்த ஒரு வரியில் கூட்டம் மூச்சு விட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்த வழி கிடைத்துவிட்டது. கை தட்டினார்கள், பெக்குக்காக. பின்னாலிருந்து யாரோ, தோற்ற வயிற்றெரிச்சல் என்றான். நான் கத்தினேன், நானும் கேட்டேன், நானும் அங்கேதான் இருந்தேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். நான் அவள் தங்கை. யார் நம்புவார்கள்? அந்த வார்த்தையைக் கேட்ட மூன்றாவது ஆள் டேல், அவன் ஜெயிலில் இருந்தான். அக்கா மைக் இருந்த இடத்தைவிட்டு இறங்கி, கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்து வீட்டுக்குப் போனாள். விலகி வழி விட்டார்கள், தீட்டுப்பட்டவளுக்கு விடுவது போல. மாலைக்குள் செங்கல் பாதி உயரம் ஏறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் பெக் என் கடைக்கு வந்தாள். இருபது வருடமாக அவள் நாள் அது. வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். கடையில் வேறு யாருமில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள். எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. ஆனாலும் புருஷனைப் பறிகொடுத்த வயதான பெண்பிள்ளையைப் போ என்று சொல்ல நாக்கு எழவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டேன். முடியை நனைத்து, ஷாம்பு போட்டுத் தேய்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"எவ்வளவு நேரம் கேட்டாரு?" என்றாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை.

"வண்டி எங்கன்னு. எவ்வளவு நேரம் கேட்டாரு?"

என் கை நின்றுவிட்டது. "குரல் நிக்கற வரைக்கும்," என்றேன்.

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். "அவருதான். வீட்டுலயும் அப்படித்தான், ஒண்ணு வேணும்னா அதையே கேட்டுட்டு இருப்பாரு." கண்ணோரத்தில் ஈரம் வழிந்து ஷாம்பு நுரையோடு கலந்தது. "லொரேன் அடுப்படியில சொன்னப்பவே எனக்குத் தெரியும். எல்லாரையும் பாத்துக்கோங்கன்னு அந்த மனுஷன் ஜென்மத்துல சொன்னதில்ல."

"தெரிஞ்சுமா மைக்கப் பிடிச்சீங்க?"

"எனக்கு இனிமே என்ன இருக்கு வெர்னா? வண்டிய வித்தாரு, அதனாலயே செத்தாருன்னா, தெருவுல என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. இப்பப் பாரு, தொப்பியக் கழட்டுறாங்க." அவள் கையைத் தூக்கிக் காதோரத்து நுரையைத் தள்ளினாள். "இந்தத் தடவ மேல கொஞ்சம் தூக்கி செட் பண்ணு. கல்லுக்குப் பக்கத்துல நிக்கவச்சுப் படம் எடுக்க மதியம் பேப்பர்காரங்க வராங்க."

குழாயை அடைத்தேன். நுரையை அலசவில்லை. ஒரு துண்டை அவள் மடியில் போட்டு, எந்திரிங்க என்றேன். அவள் நான் விளையாடுகிறேனோ என்று பார்த்தாள். அவள் கோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காதோரத்தில் நுரை வழிய, பெக் மெயின் தெருவில் இறங்கி நடந்தாள். எதிரே வந்த இரண்டு ஆண்கள் ஒதுங்கி நின்று தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு என் கடை வாசலைத் திரும்பிப் பார்த்து, மனிதப் பிறவிதானா இவள் என்றார்கள்.